ஒரே தெரு, இரண்டு காலை: 'ஷான் ஆஃப் தி டெட்' சிரிப்பையும் பயத்தையும் ஒன்றாக ஓட்டும் விதம்

தூக்கம் கலையாத முகத்தோடு ஒருவன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். தெருவைக் கடந்து மூலைக்கடைக்குப் போகிறான். ஃப்ரிட்ஜைத் திறந்து குளிர்பானம் எடுக்கிறான், வாங்கியதோடு திரும்பி வருகிறான். கேமரா எங்கேயும் வெட்டாமல் அவன் கூடவே போய்த் திரும்புகிறது. வழியில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. இதை எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு ஒரே ஷாட்டில் எடுத்தார்கள் என்றுகூடத் தோன்றும்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு காலை வருகிறது. அதே ஆள், அதே தெரு, அதே மாதிரி வெட்டில்லாத ஷாட். ஆனால் இரவோடு இரவாக ஊரில் பிணங்கள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டன. நிறுத்தியிருக்கும் கார் ஒன்றின் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. கடை ஃப்ரிட்ஜின் கண்ணாடிக் கதவில் ரத்தத்தில் பதிந்த கைத்தடம். தரையில் சிந்திய ரத்தத்தில் அவன் கால் வழுக்குகிறது, சமாளித்துக்கொண்டு நடக்கிறான். தெருவோரம் காசு கேட்கும் ஆள் இப்போது ஜாம்பியாக அவனை நோக்கித் தள்ளாடி வருகிறார். சில்லறை இல்லை, கடையிலேயே காசு குறைந்தது என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டு இவன் பாட்டுக்குப் போய்விடுகிறான். நேற்றைய போதை இன்னும் இறங்கவில்லை. எதையும் அவன் கவனிக்கவே இல்லை.

எட்கர் ரைட் இயக்கி 2004-ல் வெளியான பிரிட்டிஷ் படம் 'ஷான் ஆஃப் தி டெட்'. அவரும் சைமன் பெக்கும் சேர்ந்து எழுதினார்கள். ஷானாக நடித்தவரும் பெக்தான். திகில் காமெடி என்றால் கொஞ்சம் பயம், அப்புறம் கொஞ்சம் சிரிப்பு என்று மாற்றி மாற்றி வைப்பதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். பல படங்கள் அப்படித்தான் எடுக்கவும் படுகின்றன. இந்தப் படத்தின் வேலைமுறை வேறு. ஒன்றை முதலில் சாதாரணமாகக் காட்டும். பிறகு அதையே திரும்பக் காட்டும். இரண்டாம் முறை வரும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியாது. சில நேரம் சிரிப்பு, சில நேரம் பயம், கடைசி அரை மணி நேரத்தில் துக்கம்.

அந்தத் தெரு ஷாட்டையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். பாத்திரத்துக்குத் தெரியாத ஆபத்து பார்வையாளருக்குத் தெரிந்தால் பதைபதைப்பு வரும் என்பது திகில் படத்தின் பழைய பாடம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியும், மேலே பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது என்று ஹிட்ச்காக் இதை விளக்குவார். ரைட் அதே குண்டைத்தான் வைக்கிறார். ஆனால் 'இதோ பார், குண்டு' என்று சொல்லும் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார். ரத்தக் கைத்தடத்துக்கு குளோஸ்-அப் கிடையாது. கண்ணாடி நொறுங்கிய காரின் பக்கம் கேமரா திரும்பி நிற்பதில்லை. வயலின்கள் கிறீச்சிடுவதில்லை. வெட்டு இருந்தால் இயக்குநர் நம் முகத்தைப் பிடித்துத் திருப்புகிறார் என்று அர்த்தம். இங்கே வெட்டே இல்லாததால் நாமே ஓரங்களில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கேமராவும் ஷானைப் போலவே அசட்டையாக இருப்பதுதான் சிரிப்பை வரவழைக்கிறது. இதையே நான்கு குளோஸ்-அப்பும் ஒரு பின்னணி இசையும் போட்டு எடுத்திருந்தால் சுத்தமான திகில் காட்சியாகியிருக்கும். படமாக்கிய பொருள் அதேதான் இருந்திருக்கும்.

முதல் நடை ஏன் தேவைப்பட்டது என்பதும் இப்போது புரியும். அது இல்லாவிட்டால் இரண்டாவதில் என்ன மாறியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், ஷானுக்கு எதுவும் மாறவில்லை என்பதை அது சொல்கிறது. தினமும் பாதித் தூக்கத்தில் நடக்கிறவனுக்கு உலகம் அழிந்தால்கூட உறைக்காது. படத்தின் தொடக்கத்தில் டைட்டில் ஓடும்போதே இதற்கு அடிபோட்டுவிடுகிறார்கள். பஸ் நிறுத்தத்தில் ஒரே மாதிரி போனைப் பார்க்கும் வரிசை, சூப்பர் மார்க்கெட்டில் வெறித்த கண்ணோடு பொருளை இழுத்து இழுத்து வைக்கும் பணியாளர். நோய் வருவதற்கு முன்பே எல்லோரும் அப்படித்தான் நடக்கிறார்கள். ஷான் முதலில் எழுந்து வரும் காட்சியில் தரையில் இழுபடும் கால்களும் ஒரு முனகலும்தான் வருகின்றன. ஜாம்பிதான் என்று நினைக்கும்போது கொட்டாவி விடுகிறான்.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமான கதை. ரைட், பெக், ஜெசிகா ஸ்டீவன்சன் மூவரும் 'ஸ்பேஸ்ட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1999-ல் வந்த ஒரு பகுதியில் பெக்கின் பாத்திரம் ராத்திரி முழுக்க 'ரெசிடென்ட் ஈவில்' என்ற ஜாம்பி வீடியோ கேமை விளையாடிவிட்டு, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் ஜாம்பியாகக் காண்கிறது. அந்தச் சின்ன காட்சியை எடுத்தபோது கிடைத்த உற்சாகம்தான் முழுப் படமாக வளர்ந்தது. படத்தில் ஜாம்பிக் கூட்டமாக வந்தவர்களில் பலர் அந்தத் தொடரின் ரசிகர்கள்.

கேலிப் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கேலிப் படம் வகைமையின் விதிகளை உடைத்துச் சிரிக்க வைக்கும். ஜாம்பி வழுக்கி விழும், பேய் தும்மும். இந்தப் படம் ஜார்ஜ் ரோமெரோ 1968-லும் 1978-லும் எடுத்த ஜாம்பிப் படங்களில் போட்ட விதிகளை ஒரு எழுத்து மாற்றாமல் கடைப்பிடிக்கிறது. கடிபட்டவர் சாவார், எழுவார். தலையில் அடித்தால் மட்டுமே ஓய்வார். மெதுவாக நடப்பார், கூட்டமாகச் சேர்ந்தால் ஆபத்து. தப்பித்தவர்கள் ஒரு கட்டடத்துக்குள் அடைந்துகொள்வார்கள், வெளியே இருப்பவற்றைவிட உள்ளே இருக்கும் மனிதர்களின் சண்டைதான் அவர்களைக் கவிழ்க்கும். எல்லாமே இருக்கிறது. ஜாம்பிகள் ஒரு ஜோக்கும் அடிப்பதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1948-ல் அபட், காஸ்டெல்லோ என்ற காமெடி ஜோடி ஃபிராங்கன்ஸ்டைனின் மிருகத்தைச் சந்திக்கும் படம் வந்தது. அதில் டிராகுலாவாக பெலா லுகோசியே நடித்தார், ஓநாய் மனிதனாக லான் சேனி ஜூனியர் நடித்தார். இருவரும் தங்கள் பழைய திகில் படங்களில் எவ்வளவு முறைப்பாக இருந்தார்களோ அதே முறைப்போடுதான் வந்தார்கள். கோமாளித்தனம் முழுக்க மனிதர்கள் பக்கம். அரக்கன் நிஜமாக இருந்தால்தான் பயப்படுகிறவனின் உளறல் எடுபடும். இந்த வகையில் தோற்றுப்போகும் படங்கள் பெரும்பாலும் பேயையே காமெடியன் ஆக்கிவிடுகின்றன, அதன் பிறகு யாருக்கும் எதுவும் ஆகாது என்று நமக்குத் தெரிந்துபோய்விடுகிறது.

மெதுவான ஜாம்பியைத் தேர்ந்தெடுத்ததில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2002-ல் டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' பாய்ந்து ஓடும் தொற்றாளர்களைக் கொண்டுவந்தது. 2004-லேயே ரோமெரோவின் 1978 படத்தை ஸாக் ஸ்னைடர் மறுபடி எடுத்தபோது அவருடைய ஜாம்பிகளும் ஓடின. ஓடும் ஜாம்பி முன்னால் காமெடிக்கு நேரமே இருக்காது. தோட்டத்துக் காட்சியைப் பாருங்கள். ஷானும் அவன் நண்பன் எட்டும் தோட்டத்தில் நிற்கும் ஒரு பெண்ணைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். அவள் ஷான் மேல் விழுகிறாள், அவன் தள்ளிவிட, தரையில் நட்டிருக்கும் கம்பியில் குத்திக்கொள்கிறாள். கொன்றுவிட்டோம் என்று இருவரும் உறைந்து நிற்கும்போது மெதுவாக எழுகிறாள். வயிற்றில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகவே கேமரா பார்க்கிறது, அந்தப் பக்கம் வாய் பிளந்த இரண்டு முகங்கள். எட் என்ன செய்கிறான் தெரியுமா? கையில் இருக்கும் கேமராவில் அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றுகிறான்.

அடுத்து என்ன ஆயுதம் என்று யோசித்து, ஷானின் இசைத்தட்டுப் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். ஜாம்பிகள் அடி அடியாக நெருங்கிக்கொண்டிருக்க, எந்தத் தட்டை வீசலாம், எதை வீசக் கூடாது என்று தகராறு நடக்கிறது. இது அரிய பிரதி, வேண்டாம். அதை எறி, பரவாயில்லை. மரணம் நிமிடத்துக்குச் சில அடி வேகத்தில் வருவதால்தான் இந்த உரையாடலுக்கே இடம் கிடைக்கிறது. ஜாம்பி ஓடுவது தவறு என்று பெக் பின்னாளில், 2008-ல், கார்டியன் இதழில் ஒரு கட்டுரையே எழுதினார். வகைமைப் பற்று ஒருபுறம் இருக்கட்டும், அவருடைய தொழிலுக்கும் அந்த மந்த நடை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன்.

எடிட்டிங்குக்கு வருவோம். கிறிஸ் டிக்கன்ஸ் இந்தப் படத்தின் எடிட்டர். ஷான் வேலைக்குக் கிளம்பும் காட்சி சில நொடிகள்தான்: பல் துலக்கல், ஃபிளஷ், டை, சட்டையில் பேட்ஜ். ஒவ்வொன்றும் கண்ணுக்கு நேராகப் பாய்ந்துவரும் ஜூம், கூடவே சுரீரென்று ஒரு ஒலி. ஆக்‌ஷன் படங்களில் நாயகன் துப்பாக்கியில் தோட்டா நிரப்பும்போது பயன்படும் இலக்கணம் இது. சாம் ரைமி 1987-ல் எடுத்த 'ஈவில் டெட் 2'-ல் நாயகன் வெட்டுண்ட கைக்கு ரம்பத்தைப் பொருத்திக்கொள்ளும் காட்சி இதற்குப் பேர்போனது. ரைட் அந்த ஆவேசத்தை எல்லாம் பல் துலக்குவதற்குச் செலவிடுகிறார். பெரிய இலக்கணம், சின்ன விஷயம். வசனம் ஒன்றும் இல்லாமலே சிரிப்பு வருகிறது. நகைச்சுவையை வசனத்திலும் நடிகரின் முகத்திலும் மட்டும் தேடும் இயக்குநர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம் இது.

இதே வேக வெட்டைத்தான் தப்பிக்கும் திட்டத்துக்கும் பயன்படுத்துகிறார். அம்மா வீட்டுக்குப் போகிறோம், மாற்றாந்தந்தை பிலிப்பை முடிக்கிறோம், காதலி லிஸ்ஸைக் கூட்டி வருகிறோம், உட்கார்ந்து டீ குடித்தபடி எல்லாம் அடங்கும்வரை காத்திருக்கிறோம். ஷான் சொல்லச் சொல்ல, அது நடந்து முடிந்தது போலவே திரையில் ஓடுகிறது. எட் ஒரு குறை சொல்கிறான். திட்டம் மாறுகிறது, மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது. மூன்றாம் தடவை முடியும்போது டீ போய் பீர் வந்திருக்கிறது, இடம் வழக்கமான வின்செஸ்டர் பப் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பிலிப் சாவது மட்டும் மாறுவதில்லை. வெறும் ஜோக்காகத் தெரியும் இந்த இடம்தான் பின்னால் வந்து கடிக்கப்போகிறது.

திரைக்கதை முழுக்க இந்த மாதிரிக் கண்ணிகள். காதலி விட்டுப் போன இரவில் ஷானைத் தேற்ற, மறுநாள் எப்படிக் குடிக்கலாம் என்று எட் பப்பில் ஒரு திட்டம் சொல்கிறான். காலையில் முதல் வேலையாக ஒரு பிளடி மேரி ('ரத்த மேரி' என்று பொருள்படும் பெயருள்ள காக்டெயில்), கிங்ஸ் ஹெட்டில் ஒரு கடி, இன்னொரு பப்பில் ஒரு ஜோடி, அப்புறம் தள்ளாடியபடி இங்கே வந்து பாரில் ஷாட்ஸ். மறுநாள் அப்படியே நடக்கிறது, குடியாக அல்ல. தோட்டத்தில் ரத்தக்கறையோடு நிற்கும் பெண்ணின் பேட்ஜில் மேரி என்று இருக்கிறது. பிலிப் கடிபடுகிறார். லிஸ்ஸின் நண்பர்களான ஒரு ஜோடியைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். ஜாம்பிக் கூட்டத்தைத் தாண்ட எல்லோரும் ஜாம்பி போலத் தள்ளாடி நடித்து பப்புக்கு வருகிறார்கள். கடைசியில் பாருக்குப் பின்னால் நின்று துப்பாக்கிச் சூடு. முதல் தடவை பார்க்கிறவர் யாரும் இதைக் கவனிக்க மாட்டார், கவனிக்கவும் தேவையில்லை. கவனிக்காவிட்டாலும் கதை முன்பே தீர்மானிக்கப்பட்டது போன்ற ஒரு இறுக்கம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இன்னும் ஒன்று. தொடக்கத்தில் எட் வீடியோ கேம் விளையாட, ஷான் பின்னால் நின்று மேலே இடது, தோட்டா நிரப்பு, நல்ல அடி என்று சொல்லிக்கொண்டிருப்பான். பப் முற்றுகையின்போது நிஜத் துப்பாக்கி ஷான் கையில். அதே சொற்களை எட் சொல்கிறான். அந்தத் துப்பாக்கி பாருக்கு மேலே அலங்காரமாகத் தொங்கியது, அது உண்மையானதா என்பது பற்றி நண்பர்களுக்குள் ஏற்கெனவே ஒரு விவாதம் ஓடியிருக்கிறது. சுவரில் மாட்டிய துப்பாக்கி வெடித்தே ஆக வேண்டும் என்ற பழைய நாடக விதியைக் கடமையாகச் செய்கிறவர்கள் உண்டு. இவர்கள் விளையாட்டாகச் செய்கிறார்கள்.

இசையில் ஒரே ஒரு காட்சியைச் சொன்னால் போதும். பப்பின் உரிமையாளர் ஜாம்பியாக வந்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்து ஜூக்பாக்ஸ் தானாகவே குவீன் குழுவின் 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்' பாட்டைப் போடுகிறது. யார் போட்டது என்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டே ஷானும் மற்றவர்களும் பில்லியர்ட்ஸ் கோல்களால் கிழவரை அடிக்கிறார்கள், தாளம் தப்பாமல். பாட்டை நிறுத்த லிஸ்ஸின் நண்பன் டேவிட் மின்சாரப் பெட்டியின் சுவிட்சுகளைத் தட்ட, வெளியே விளக்குகள் தாளத்துக்கு அணைந்து எரிகின்றன. தெருவில் திரியும் ஜாம்பிகளுக்கு அது அழைப்பு மணி. ரசிகர்கள் தனியாக வெட்டி வெட்டிப் பார்த்துக் கொண்டாடும் காட்சி இது. ஆனால் சிரித்து முடிப்பதற்குள் ஒளிவிடம் பறிபோய்விட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. ஜோக்கின் விலையைக் கதை உடனே வசூலித்துவிடுகிறது. படம் முழுவதிலும் இந்த ஒழுங்கு உண்டு: எட்டின் போன் அழைப்பு, சூதாட்ட இயந்திரத்தின் இரைச்சல் என்று சிரிக்க வைத்த ஒவ்வொன்றும் ஆபத்தை ஒரு அடி பக்கத்தில் கொண்டுவருகிறது.

பிலிப்பின் சாவு வரும்போது இந்தக் கருவிகள் எல்லாம் வேறு வேலை பார்க்கத் தொடங்குகின்றன. பில் நை நடித்த பாத்திரம். விறைப்பானவர், ஷானுக்குப் பிடிக்காதவர், காருக்குள் சத்தமாகப் பாட்டுப் போட்டால் எரிச்சல்படுகிறவர். கடிபட்டதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டேன், ஒன்றுமில்லை என்கிறார். காரின் பின்சீட்டில், சாவதற்கு முன், தகப்பனாக இருப்பது தனக்குக் கைவராத வேலை என்றும் ஷானை நேசித்தேன் என்றும் தட்டுத்தடுமாறிச் சொல்கிறார். மூன்று முறை ஜோக்காகக் கொல்லப்பட்டவர் இவர்தான். நாமும் மூன்று முறை சிரித்திருக்கிறோம்.

அவர் எழுந்ததும் எல்லோரும் இறங்கி ஓடுகிறார்கள். அழும் அம்மாவிடம் ஷான் சொல்கிறான்: அந்தக் காருக்குள் இருப்பது உங்கள் கணவர் இல்லை, நீங்கள் நேசித்த மனிதரின் எதுவும் அதில் மிச்சமில்லை. வெட்டு. காருக்குள் ஜாம்பி பிலிப் கையை நீட்டி, அலறிக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்துகிறது. அமைதி. முகத்தில் ஒரு நிம்மதி. படத்தின் மிகச் சிறந்த நொடி எது என்று கேட்டால் இதைச் சொல்வேன். இது ஜோக், கொட்டகையே சிரிக்கும். அதே நொடியில் ஷான் சொன்னது பொய் என்றும் தெரிந்துவிடுகிறது. உள்ளே இன்னும் பிலிப் கொஞ்சம் இருக்கிறார். ஜாம்பிக்குள் பழைய பழக்கம் மிச்சமிருக்கும் என்பது ரோமெரோவிடமிருந்து வந்த சரக்கு: 1978 படத்தில் பிணங்கள் பழக்கதோஷத்தால் ஷாப்பிங் மாலுக்குத் திரும்பி வந்தன. அங்கே அது நுகர்வு மோகம் பற்றிய குத்தல். இங்கே ஒரு குடும்பத்தின் சோகமாக மாறிவிட்டது.

அம்மா பார்பராவின் முறை வரும்போது படம் ஜோக்கை அநேகமாகக் கைவிடுகிறது. பெனலோப் வில்டன் அந்தப் பாத்திரத்தைத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பதே வாழ்க்கை லட்சியமான ஒரு அம்மாவாகச் செய்திருக்கிறார். கடிபட்டதையே பிள்ளையிடம் சொல்லாமல் மறைக்கிறார். அவர் இறந்து எழும்போது மகன்தான் சுட வேண்டியிருக்கிறது. முன்பு வேகமாக வெட்டிய எடிட்டிங் இங்கே முகங்களின் மேல் நிற்கிறது. ஒன்றரை மணி நேரக் காமெடிக்குள் இவ்வளவு கனத்தை வைத்தால் படம் கவிழ்ந்துவிடும் என்று பயந்து வெட்டியிருக்கலாம். வைத்ததால்தான் இது இன்றும் பேசப்படுகிறது.

குறைகளும் உண்டு. லிஸ்ஸின் பாத்திரத்துக்கு ஷானைத் திருத்துவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதுகூடச் சரியாகத் தெரியாது, அவளுக்கு என்ன பிடிக்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். ஜன்னல் வழியே டேவிட்டை இழுத்துக் கிழிக்கும் காட்சி ரோமெரோவின் 1985 படத்துக்குச் செய்த வணக்கம் என்பது அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்கு அது திடீரென்று வேறொரு படத்தின் ரத்தம் தெறித்தது போல இருக்கும். எல்லாவற்றையும் இரண்டு முறை காட்டித் தயார்செய்யும் படம், முடிவில் ராணுவ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தித் தப்பிக்க வைப்பதும் கொஞ்சம் சோம்பல்தான். வழியில் எதிர்ப்பட்ட தோழி இவோன்தான் அவர்களைக் கூட்டி வருகிறாள் என்று ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் தேவையான நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறார்கள்.

படத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் ரோமெரோவும் ஒருவர். தனது 'லேண்ட் ஆஃப் தி டெட்' படத்தில் ரைட்டுக்கும் பெக்குக்கும் ஜாம்பி வேடம் கொடுத்தார். அது 2005-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு இருவரும் போலீஸ் படத்தை வைத்து 'ஹாட் ஃபஸ்' (2007), வேற்றுக்கிரகவாசிகளை வைத்து 'தி வேர்ல்ட்'ஸ் எண்ட்' (2013) என்று இரண்டு படங்கள் செய்தார்கள். மூன்றிலும் ஒரு கார்னெட்டோ ஐஸ்கிரீம் தலைகாட்டும். கண்ணிகளைப் பின்னும் நேர்த்தியில் 'ஹாட் ஃபஸ்' இதைவிட ஒரு படி மேல். பிலிப் பாட்டை நிறுத்துவது போன்ற ஒரு நொடி மட்டும் அதில் இல்லை.